பின்வாசல் குண்டுகள்

ஏப்ரல் 3, 1984 – செவ்வாய்

இன்று ஹார்லன் ப்ரிட்சர்டின் கறுப்பு மெழுகு. பின்வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், கோழி திருட வந்தவர் மாதிரி. தானியக் கிடங்குக்கு மேனேஜர். ஊர் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவர். கோட்டுக்குள்ளிருந்து மெழுகுக் கட்டியை அவர் எடுத்த விதத்தைப் பார்த்தால் தங்கம் என்றுதான் தோன்றும்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது" என்றார்.

தெரியும். தன் கஞ்சிப் பாத்திரம் பாழான கதையை அந்த அம்மாள் போன வாரம் மளிகைக் கடையில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தேன்மெழுகு, வண்டிக் கிரீஸ், பென்சில் கரித்தூள்.

"விஷயம் வெளிய போயிடாதே, கஸ்?"

கஸ் மாமா டயருக்குக் காற்று அடித்தபடியே சொன்னார்: "நம்ம ஆர்லிஸ் யார்கிட்ட சொல்லப்போவுது? வாயில பூட்டு, சாவி ஆத்துல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குண்டு அளவாக்குகிற பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தேன்.

அச்சிலிருந்து விழும் ஈயக் குண்டு கொஞ்சம் பருமனாக இருக்கும். அதைப் பிரஸ்ஸில் நிறுத்திக் கைப்பிடியை இழுத்தால், மேலேயிருந்து ஓர் இரும்புத் தொப்பி அதன் மூக்கில் உட்கார்ந்து கீழே அளவுத் துளைக்குள் தள்ளும். துளை அதன் இடுப்பைப் பிடித்து ஒரே அளவாக்கும். உள்ளே இருக்கும்போதே மெழுகு சுற்றுப் பள்ளங்களில் ஏறிவிடும். கைப்பிடியைத் தூக்கினால் எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி பளபளவென்று மேலே வரும். அவ்வளவுதான் வேலை. மெழுகு இல்லாவிட்டால் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குண்டு தனக்குப் பிடித்த திசையில் போகும்.

சங்கத்தின் முதல் விதி: போட்டியில் சுடுகிற குண்டை அவரவர் தன் கையால் வார்த்து, அளவாக்கி, மெழுகேற்ற வேண்டும்.

அதனால்தான் பின்வாசல்.

ஏப்ரல் 5 – வியாழன்

முடிவெட்டும் டூயி ஸ்டோக்ஸ் வந்தார். சிவப்பு மெழுகு. "ஹார்லன் இங்க வர்றதில்லயே?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வித்தையில் நான் தேர்ந்தவள்.

ஏப்ரல் 12 – வியாழன்

அம்மா இன்றும் ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். நான் விட்ட பள்ளிக்கூடம். தினமும் அங்கே போய் எனக்குப் பதிலாக வெட்கப்பட்டுவிட்டு வருகிறாள் போலிருக்கிறது.

"உன் கூடப் படிச்ச பசங்க எல்லாம் டிரைவிங் லைசென்ஸ் எடுத்துட்டாங்க. நீ ஒரு போன் எடுத்துப் பேசமாட்டேங்கிற. வாயுள்ள பிள்ளைதான்டி பிழைக்கும்."

அம்மாவுக்கு மறந்துவிட்டது. நான் ஒன்றும் சோம்பேறித்தனத்தால் விடவில்லை. வாரா வாரம் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும் என்று ஒரு பாடம் வைத்தார்கள். முதல் வாரம் எழுந்து நின்றேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தாள். அந்தப் பொறுமை இருக்கிறதே, அதைவிட நாலு அடி போட்டிருக்கலாம். பின்பெஞ்சில் ஒருவன் டயரில் காற்று இறங்குகிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்றான். மாமா கடை டயர் கடை என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும்.

டயர்கள் "ஸ்ஸ்ஸ்" என்றால் ஒட்டுப் போட்டுவிடலாம்.

ஏப்ரல் 24 – செவ்வாய்

பாஸ்டர் லிண்ட்குவிஸ்ட். நீல மெழுகு. ஆமாம், பாஸ்டரும்தான். பைபிள் வைக்கிற தோல் பையில் குண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். பை தரையில் இடித்தது.

"இதுல புகையே வராது மகளே. சுத்தமான மெழுகு."

மெழுகை மாற்றுவது என்றால் என்ன என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பிரஸ்ஸைச் சூடாக்கி, பழைய மெழுகை உருக்கி வடித்து, துணியால் துடைத்து, மூலை முடுக்கெல்லாம் குச்சியால் நோண்டி, புதுக் கட்டியை ஏற்ற வேண்டும். கறுப்பிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து நீலம், நீலத்திலிருந்து திரும்பக் கறுப்பு. ஒவ்வொரு தடவையும் பாதி நாள் போகிறது. முழங்கை வரைக்கும் வானவில்.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். மாமாவின் சாதாரணத் தேன்மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் உருக்கி ஒரே கட்டி. எல்லாருக்கும் அதே. நிறத்துக்குக் குழந்தைகளின் கிரேயான் போதும். கறுப்பில் ஒரு குச்சி, சிவப்பில் ஒரு குச்சி, நீலத்தில் ஒரு குச்சி. குண்டை எடுத்த பிறகு பள்ளத்தின் மேல் விரலால் ஒரு தடவு. அவர்களுடைய ரகசியக் கட்டிகளைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டேன்.

பாவமா? பாஸ்டரிடம் கேட்க முடியாது. அவரும் கூட்டாளி.

மே 9 – புதன்

தப்பு செய்துவிட்டேன்.

ஒவ்வொரு குண்டின் மூக்குக்கும் தனித்தனி இரும்புத் தொப்பி. ஹார்லனுடைய குண்டுக்கு உருண்டை மூக்கு. காலையில் டூயியின் கைத்துப்பாக்கிக் குண்டுக்குப் போட்ட சின்னத் தொப்பியைக் கழற்ற மறந்து, அதிலேயே ஹார்லனுடைய முழுப் பெட்டியையும் இழுத்துவிட்டேன். எல்லா மூக்கிலும் சுற்றிலும் ஒரு பள்ளம், பல்லால் கடித்த மாதிரி வளையம். பெட்டியில் போடாமல் மேஜையில் தங்கிவிட்ட கடைசிக் குண்டில்தான் பார்த்தேன். அதற்குள் மாமா பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றால் பேச வேண்டும்.

மே 14 – திங்கள்

ஹார்லன் வரவில்லை. திட்ட ஆள் வராமலிருப்பது திட்டுவதைவிட மோசம்.

மே 17 – வியாழன்

நம்ப முடியவில்லை.

டூயி வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, விஷயம் தெரியுமா? ஹார்லன் ஞாயித்துக்கிழமை சுட்டதுல அஞ்சு குண்டும் ஒரே ஓட்டைல. காபிக் கோப்பைய வச்சு மூடிடலாம். முடி வெட்டிக்க வந்தவன் நாற்காலிய விட்டு எழுந்திரிக்காம பேசறான். ஹார்லன் குண்டு மூக்குல என்னமோ வளையம் போட்டானாம். காத்து அந்த வளையத்தப் புடிச்சுக்கிட்டு குண்ட நேரா கொண்டுபோவுதாம். ஆறு மாசமா ராத்திரி பகலா ஆராய்ச்சி பண்ணானாம்."

நான் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"எனக்கும் அதே மாதிரி போட்டுக் குடு. அவன் போட்டதவிட ஆழமா."

மே 22 – செவ்வாய்

பாஸ்டர். "மூக்கில் வளையம் என்று ஏதோ…" என்று இழுத்தார். பிரசங்கத்திலேயே இவ்வளவு தயங்கமாட்டார். அவருக்கு மூன்று வளையம் வேண்டுமாம். ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை. பாஸ்டர் இல்லையா.

மூன்று தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். குண்டு பார்ப்பதற்கு ஒரு திருகாணி மாதிரி ஆகிவிட்டது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கண்ணை மூடினார்.

ஜூன் 8 – வெள்ளி

மாமா ஒரு பழைய ரைஃபிள் கொடுத்தார். டயர் மாற்றியவன் ஒருவன் அதை விட்டுவிட்டுப் போனானாம், திரும்பி வரவே இல்லையாம். ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுகிற பழைய ரகம். அதோடு அதற்குரிய குண்டு அச்சும் இருந்தது.

"யாரும் வாங்கமாட்டான். குழல் தேஞ்சு போச்சு. நீ வேணும்னா வச்சுக்க, எலி அடிக்க."

இது என்னுடையது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை.

ஜூன் 10 – ஞாயிறு

ஆற்றோரம் சரளைக்குழிக்குப் போய்ச் சுட்டேன். அட்டையில் வட்டத் துளை விழவே இல்லை. சாவித்துவாரம் மாதிரி நீளத் துளைகள். குண்டு படுத்தபடி போகிறது. என் குண்டு, என் கையால் செய்தது, நான் இழுத்த கைப்பிடி. அது தூங்கிக்கொண்டே பறக்கிறது.

மெழுகை மாற்றினேன். ஈயத்தை மாற்றினேன், கடையில் சக்கரத்துக்கு எடையாக மாட்டுகிற ஈயம். வளையம்கூடப் போட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் போட்டேன்.

ஜூன் 19 – செவ்வாய்

அதிசயமான அறிவு எனக்கு.

மெத்தென்ற ஈயக் கட்டை ஒன்றைக் குழலின் ஒரு முனையில் வைத்துத் தட்டி மறு முனையில் எடுத்து அளந்தேன். குழல் மேல் பொறித்திருக்கிற எண்ணைவிட உள்ளே பருமன் அதிகம். தேய்ந்த குழல்தானே. அச்சும் அதற்கேற்றாற்போல் கொழுத்த குண்டாகத்தான் கொடுத்திருக்கிறது. அதைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்து, பொறித்த எண்ணுக்கு ஒழுங்காக இளைக்க வைத்தது யார்? நான். கைப் பழக்கம். கையில் எது கிடைத்தாலும் துளைக்குள் தள்ளி அளவாக்கிவிடுவேன்.

ஆக, அளவாக்கக் கூடாது. வந்தபடியே விட்டு, மெழுகு மட்டும். பிரஸ் வேண்டாம். ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு வைத்து அம்மா இனிப்புச் சுடுகிற தட்டில் குண்டுகளை நிற்க வைத்து உருகிய மெழுகை இடுப்பளவுக்கு ஊற்றினேன். ஆறியதும் ஒரு குழாயால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன், பிஸ்கட் மாவை வெட்டுகிற மாதிரி.

அம்மா வந்துவிட்டாள்.

"என்னடி இது, என் ரூபார்ப் தட்டுல?"

"குண்டு."

"கடவுளே. ஈயம். அந்தத் தட்டு இனிமே என் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. கையக் கழுவினியா?"

"ரெண்டு தரம்."

"மூணாந்தரம் கழுவு."

சாயந்திரம் சுட்டுப் பார்த்தேன். வட்டத் துளைகள். எல்லாமே வட்டம். சரளைக்குழியில் யாரும் இல்லை, அதனால் சத்தமாகச் சிரித்தேன்.

ஜூலை 6 – வெள்ளி

ஆகஸ்டில் சங்கப் போட்டி. பெயர் எழுதும் தாள் டூயி கடைச் சுவரில். கடை சாப்பாட்டு நேரத்தில் காலி. உள்ளே போனேன். எழுதினேன். ஆர்லிஸ் தோர்சன். கடைசிப் பெயர்.

அவசரத்தில் "தோர்சன்" ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பரவாயில்லை.

ஜூலை 7 – சனி

மாமா: "நீயா? போட்டியா?"

நான்: "ம்."

"சுடறது இருக்கட்டும். லாரி மேல ஏறிச் சொல்லணும்டி. தெரியுமில்ல?"

தெரியும். வருடா வருடம் கீழே நின்று பார்க்கிறேனே. சுடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் லாரி மேல் ஏறி, ஈயக் கட்டி மேல் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்: பெயர், என்ன ஈயம், என்ன அளவு, என்ன மெழுகு, கடைசியில் "என் கையால்". சொல்லாதவர் சுட முடியாது.

நாலைந்து வரி. அதுதான் விஷயம். சுடுவது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் வராத அந்தப் பெயர் அங்கே வர வேண்டும். ஊரே நிற்கும், எல்லார் கையிலும் துப்பாக்கி வேறு.

"உன்னால ஆவாது" என்றார் மாமா. கோபமாக இல்லை. டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

ஜூலை 11 – புதன்

பின்வாசலுக்கு இன்று நல்ல நடமாட்டம்.

முதலில் டூயி. "ஏன் கண்ணு, இந்த வெயில்ல உனக்கு எதுக்கு? தோல் கறுத்துடும்." பிறகு ஹார்லன். "பொம்பளைங்க கூடாதுன்னு விதியில இல்ல, பாத்துட்டேன்" என்றார் வருத்தமாக. "ஆனா பாப்பா, மேல ஏறினா என்ன சொல்லப்போற? வேற எதையாச்சும் சொல்லிவைக்க மாட்டேல்ல?"

வேறு எதை?

ஓ.

அவர் போன பிறகுதான் புரிந்தது. இவர்கள் எல்லாம் பயந்துபோயிருக்கிறார்கள். நான் அந்த லாரி மேல் ஏறி, கீழே நிற்கிற ஒவ்வொருவர் குண்டும் யார் கையால் என்று பட்டியல் போடப்போகிறேனாம். என் பெயரையே சொல்ல முடியாதவள்! நான் இங்கே ஒரு வாக்கியத்தை வெளியே தள்ள வழி தெரியாமல் முழிக்கிறேன், இவர்கள் என்னைப் பெரிய பிரசங்கி என்று நினைத்து நடுங்குகிறார்கள்.

மாமா மட்டும் சொன்னார்: "ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

ஜூலை 13 – வெள்ளி

பாஸ்டர் அன்பாக ஒரு வழி சொன்னார். "நீ எழுதிக் கொடுத்துவிடு மகளே. உன் சார்பாக நான் வாசித்துவிடுகிறேன். கர்த்தர் உன் மௌனத்தையும் கேட்கிறார்."

நல்ல யோசனை. அழுகை வருகிற அளவுக்கு நல்ல யோசனை. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். அவர் வாசிப்பார், நான் சுடுவேன். ஆனால் அவர் எதை வாசிப்பார், எதை வாசிக்காமல் விடுவார் என்பதும் அவர் கையில் இருக்கும். கர்த்தருக்குக் கேட்கும், சரி. ஊருக்கு?

தலையை ஆட்டினேன். இந்தத் தடவை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள முடியாதபடி ஆட்டினேன்.

ஜூலை 20 – வெள்ளி

மூன்று பேரும் தங்கள் ரகசிய மெழுகுக் கட்டிகளைத் திருப்பிக் கேட்டார்கள். இந்த வருடம் அவரவர் வேலையை அவரவரே செய்துகொள்வார்களாம். அப்போதுதான் நான் மேலே ஏறி என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும் இல்லையா.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தேயவில்லை. புத்தம் புதுசு. என் காது சுட்டது. இப்போது தெரிந்துவிடும், இப்போது தெரிந்துவிடும்—

ஹார்லன் தன் கட்டியைக் கையில் எடை பார்த்தார். டூயியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா? அத்தனை குண்டு போட்டும் கட்டி குறையவே இல்ல. இதான்டா என் மெழுகு!"

டூயி தன் கட்டியைப் பார்த்தார். அதுவும் குறையவில்லை. "என்னுதும்தான்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் இன்னொன்று உறைத்திருக்க வேண்டும். ஒருவர் பின்வாசலுக்கு வருவதை மற்றவர் முதன்முதலாகப் பார்த்துவிட்டாரே. வெளியே போகும்போது கதவில் இடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 2 – வியாழன்

டயர் அடுக்குகளுக்கு முன்னால் பழகுகிறேன். நல்ல சபை. இருமுவதில்லை, பொறுமையாகக் காத்திருப்பதும் இல்லை. டயர்களுக்குச் சொன்னால் முழுசாக வருகிறது. மாமா உள்ளே வந்தால் பாதியில் நிற்கிறது.

ஆகஸ்ட் 14 – செவ்வாய்

அம்மா பள்ளிச் சமையலறையைத் திறந்து கழுவப் போன இடத்தில் கேட்ட செய்தி. டூயி வீட்டு அடுப்பில் மெழுகு பொங்கி ஜன்னல் திரை கருகிவிட்டது. அவர் மனைவி இரண்டு நாளாக அக்காள் வீட்டில். பாஸ்டர் கடன் வாங்கின பிரஸ்ஸில் ஒரு குண்டு இறுகி, எடுக்க முடியாமல் பிரஸ்ஸோடு தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாராம். ஹார்லன் வளையம் போடத் தெரியாமல் ஒவ்வொரு மூக்கையும் குறடால் கடித்துக்கொண்டிருக்கிறாராம்.

"எல்லாம் உன்னாலதானாமே?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா."

"அதான். அதான் சொல்றாங்க."

ஆகஸ்ட் 25 – சனி

எழுத முடியாது இன்று.

ஆகஸ்ட் 26 – ஞாயிறு

சரி. எழுதுகிறேன்.

லாரி. ஈயக் கட்டி. வெயில். அம்மாவும் வந்திருந்தாள், சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பில்.

முதலில் ஹார்லன் ஏறினார். வருடா வருடம் பொய்யைக் கணீரென்று சொன்னவர், உண்மையைச் சொல்லும்போது தொண்டையைச் செருமினார். "என் கையால்" என்கிற இடத்தில் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இரண்டு விரலில் கட்டு. டூயிக்குப் புருவமே இல்லை. பாஸ்டர் ஆமென் என்று முடித்துவிட்டு, இது ஜெபம் இல்லை என்று ஞாபகம் வந்து கீழே இறங்கினார். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக அந்த லாரி மேல் யாரும் பொய் சொல்லவில்லை. என்ன ஒரு பரிதாபமான காட்சி.

பிறகு நான்.

ஏணிப்படி சூடாக இருந்தது. கட்டி மேல் கை வைத்தேன். ஈயமும் சூடு.

"என் பேரு"—

காற்று. வெறும் காற்று. அப்படியே அன்றைக்கு வந்த அதே காற்று. கீழே ஒருத்தரும் அசையவில்லை. பின்னால் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள், இல்லை, அது யாரோ சோடா திறந்தது. எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஏன் வந்தேன், எதுக்கு வந்தேன், போயிடலாம், இறங்கிடலாம்…

ஹார்லன் அவசரமாகச் சொன்னார்: "சரி சரி, போதும் பாப்பா, புரிஞ்சுது. சொன்ன மாதிரியே வச்சுக்கலாம். பாஸ்டர், எழுதிக்குங்க. அடுத்து சுடலாம்."

எவ்வளவு நல்லவர். சொல்லாமலே சொன்னதாக வைத்துக்கொள்வாராம். அவருக்கு அது பழக்கம்.

அங்கேதான் கோபம் வந்தது. பயம் இருந்த இடத்திலேயே வந்தது, அதைத் தள்ளிவிட்டு.

"இல்ல" என்றேன். "சொல்லல. இன்னும் சொல்லல."

அப்புறம் சொன்னேன். "என் பேரு ஆர்லிஸ் தோர்சன். டயர் கடை ஈயம். அளவு—" இங்கே திரும்ப நின்றது. விட்டேன். நிற்கட்டும். நின்ற பிறகு தானே வந்தது. "அளவாக்கல. அச்சுல வந்தபடியே. தேன்மெழுகு, ஆட்டுக்கொழுப்பு. என் கையால."

அவ்வளவுதான். பட்டியல் எதுவும் போடவில்லை. கீழே ஊரின் முக்கால்வாசி ஆண்கள் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். தங்களுக்காக விட்ட மூச்சு. அம்மா மட்டும் விடவில்லை, கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போட்டி? நான் நடுவில் எங்கோ வந்தேன். காற்றைத் தப்பாகக் கணக்குப் போட்டேன், இரண்டு குண்டு மண்ணுக்குப் போயிற்று. ஆனால் எனக்குக் கீழே நல்ல கூட்டம். பாஸ்டர் பிரஸ்ஸில் மெழுகைத் தள்ளுகிற திருகைச் சுற்றவே மறந்துவிட்டாராம். வெறும் ஈயம் குழலெல்லாம் ஒட்டி, கடைசியில் குச்சி விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். டூயி மெழுகை அள்ளி அப்பியதில் முதல் வெடியோடு அவரே புகைக்குள் காணாமல் போனார். ஹார்லனுடைய மூக்கு நசுங்கிய குண்டுகள் பக்கத்து ஆள் அட்டையில் விழுந்தன. பக்கத்து ஆள் நன்றி சொன்னார்.

யாரோ வெளியூர்க்காரர் ஜெயித்தார். அவருக்கு எங்கள் ஊர் விதி ரொம்பப் பிடித்துவிட்டதாம். நேர்மையான ஊர் என்றார்.

செப்டம்பர் 12 – புதன்

எல்க் மான் வேட்டை வருகிறது. மூன்று பெட்டிகளும் திரும்பி வந்துவிட்டன. கறுப்பு, சிவப்பு, நீலம். ஒருவரும் ஆகஸ்டைப் பற்றிப் பேசவில்லை. ஹார்லன் போகிற போக்கில் சொன்னார்: "அந்தக் 'கையால்' விதி ரொம்பப் பழசு. வேலைவெட்டி உள்ளவனுக்குக் கஷ்டம். வயசானவங்க வேற. அடுத்த கூட்டத்துல எடுத்துடலாம்னு இருக்கோம். அப்பறம் லாரி கீரி ஒண்ணும் வேணாம். உனக்கும் நிம்மதி."

எனக்கும் நிம்மதியாம்.

அவர் போன பிறகு கைப்பிடியை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த லாரி மேல் நான் நின்ற நிற்பு இருக்கிறதே, அப்புறம் அது எதற்காக? விதியே இல்லை என்றால் நான் சும்மா ஒரு லாரியில் ஏறி இறங்கினவள்.

அக்டோபர் 9 – செவ்வாய்

சர்ச் அடித்தளத்தில் சங்கக் கூட்டம். காபி, லெஃப்சே என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி. போட்டியில் சுட்டவர்கள் எல்லாரும் உறுப்பினர் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி. பாஸ்டர் செயலாளர், நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார்.

ஹார்லன் விதியை எடுக்கிற தீர்மானத்தைப் படித்தார். ஆதரவு என்றதும் கைகள் காடு மாதிரி எழுந்தன. மாமாவின் கையும்.

"எதிர்ப்பு?" என்று கேட்டுவிட்டு அவர் காகிதத்தை மடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"நான்."

எல்லாரும் திரும்பினார்கள். மாமா தூக்கின கையைத் தலை சொறிவது மாதிரி இறக்கினார்.

"காரணம் சொல்லணுமே பாப்பா" என்றார் ஹார்லன். கொஞ்சம் சிரித்தார். எனக்கு வாய் நின்றுவிடும் என்று காத்திருந்தார். நின்றது. காபி ஊற்றுகிற அம்மாள் ஊற்றுவதை நிறுத்தினாள். நானும் காத்திருந்தேன். நின்றால் நிற்கட்டும், ஓடியா போய்விடும்.

பிறகு எழுந்தேன்.

"அந்த லாரி மேல இந்த வருசந்தான் எல்லாரும் நெசத்தச் சொன்னீங்க" என்றேன். "நானும் சொன்னேன். உங்களுக்கு அது கேவலமா இருந்திருக்கும். எனக்கு இல்ல. விதிய எடுத்துட்டா நான் சொன்னது ஒண்ணுமில்லாமப் போயிடும். நீங்க தோத்ததுக்கு நான் அத எதுக்கு விட்டுக் குடுக்கணும்?" என்று ஆரம்பித்தேன். அத்தோடு நிற்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்தது வந்தது, அதற்கு அடுத்ததும். உட்காரச் சொல்லி மாமா என் சட்டையை இழுத்தார். தட்டிவிட்டேன். ஹார்லன் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தீர்மானம் எப்படியும் நிறைவேறப்போகிறது, எனக்குத் தெரியும், எண்ணிக்கை அவர்கள் பக்கம். ஆனாலும் பேசிக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் பேனாவைத் தூக்கினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. எழுத முடியல."